கல்லுன்னுதான் சொல்லியிருந்தேன்

நீங்க உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு உக்கார முடியல. உக்காந்தா எந்திரிக்கணும்னு இருக்கு, எந்திரிச்சா அந்தக் கதவுப் பக்கம் போகணும்னு இருக்கு, போனா அந்த நர்ஸம்மா போய் உக்காருங்கன்னு விரட்டுது. மூணு தடவை விரட்டிடுச்சு. நாலாந்தடவை போனா வாட்ச்மேனைக் கூப்பிட்டாலும் கூப்பிடும். உங்க ஆளு யாரு உள்ள? தம்பியா? பித்தப்பையில கல்லா. அப்ப பயமில்ல. கல்லுன்னு யாரு சொன்னது அண்ணாச்சி, டாக்டர் சொன்னாங்களா, வீட்ல சொன்னாங்களா? டாக்டரே சொன்னாங்களா? அப்ப சரி. அப்ப கல்லாத்தான் இருக்கும்.

என் சம்சாரம் உள்ள போயி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆறாம் நம்பர் ரூம். செம்பகவல்லின்னு பேரு. கோயில்பட்டில அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தெருவுக்கு நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, எங்க ஊர் அம்மன் பேரு அது. தனியாப் போயிருக்கா. அதான் எனக்கு இருப்புக் கொள்ளல. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு பல் டாக்டர்கிட்டகூட அவ தனியாப் போனதில்ல. நான்தான் கூட்டிட்டுப் போவேன், நான்தான் பேசுவேன். எங்கம்மா வலிக்குதுன்னு டாக்டர் அவகிட்டக் கேட்டா அவ என்னைப் பாப்பா, நான் எங்கன்னு சொல்லுவேன். அப்படி இருந்த மனுஷி இன்னிக்குக் கதவுகிட்ட வந்ததும், நீங்க இங்கேயே இருங்கன்னுட்டா. பின்னாடியே போகப் பாத்தேன். நர்ஸம்மா குறுக்க கையை நீட்டிடுச்சு.

இன்னிக்குத்தான் ரிசல்ட்டு. அவளுக்குக் கணையத்துல கட்டி. அந்தக் கட்டி அங்கேயே பிறந்ததா, இல்ல வேற எங்கிருந்தாவது வந்து உக்காந்ததான்னு இன்னிக்குச் சொல்லுவாங்க. அங்கேயே பிறந்ததுன்னா ரொம்ப வேகமான வியாதியாம். வந்து உக்காந்ததுன்னா அதுக்கு மாத்திரை இருக்காம், மாத்திரையைப் போட்டுக்கிட்டு வருஷக் கணக்கா இருக்கறவங்க இருக்காங்களாம். வந்ததாத்தான் இருக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. பாத்தீங்களா, புற்றுநோய் பரவியிருக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டு நிக்கறவன் இந்த மதுரையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

எங்கிருந்து வந்திருக்கும்னு கேக்கிறீங்க. அதுதான் கதை. கதவு திறந்துச்சா? இல்ல. அது வேற ஆளு.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கு வலது பக்கம் வலி, ஒண்ணுக்குல ரத்தம். பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரில காட்டினோம். கிட்னியில கட்டின்னு சொல்லி, கிட்னியையே எடுத்துட்டாங்க. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினதுல கேன்சர்னு வந்துச்சு. அந்த டாக்டர் என்னையும் அவ அண்ணனையும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்ததும் நாங்க ரெண்டு பேரும் முகத்தைக் கழுவிக்கிட்டு, கல்லுன்னு சொல்லிடுவோம்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட யோசிக்கல. யோசிக்க என்ன இருக்கு? எங்க பக்கத்துல யாரு வீட்லயும் அப்படித்தான். நோயாளிகிட்டப் போயி உனக்குப் புத்துன்னு எவனாவது சொல்லுவானா? நோய் கொல்லுதோ இல்லையோ, அந்தப் பேரே கொன்னுரும்.

அப்புறம் இன்னொண்ணும் இருந்துச்சு. எங்க பொண்ணு கோமதிக்குச் சாத்தூர்ல ஒரு வரன் பேசிக்கிட்டு இருந்தோம். நல்ல இடம். பொண்ணோட அம்மாவுக்குக் கேன்சர்னு தெரிஞ்சா வருவாங்களா? நாளைக்கு இந்தப் பிள்ளைக்கும் வரும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருப்பாங்க. கல்லுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எங்க ஊர்த் தண்ணிக்குக் கல்லு இல்லாத ஆளு யாரு?

ஒரு பொய்யைச் சொல்றது சுளுவு அண்ணாச்சி. அதைக் கட்டிக் காப்பாத்துறது இருக்கே. கல்லு எடுத்த மனுஷி என்ன செய்வா? வாழைத்தண்டுச் சாறு குடிப்பா. வாரத்துக்கு ரெண்டு நாள் நானே மார்க்கெட்டுக்குப் போயி வாழைத்தண்டு வாங்கிட்டு வந்து, நானே நார் எடுத்து, நானே அரைச்சு, டம்ளர்ல ஊத்தி அவ முன்னாடி நிப்பேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பா. தக்காளி விதை ஆகாதுன்னு யாரோ சொன்னாங்க. தக்காளின்னா அவளுக்கு உயிரு. பதினாலு வருஷம் விதையை வழிச்சுப் போட்டுட்டுத்தான் ரசம் வச்சா. கோமதி கல்யாணப் பந்தியில தக்காளித் தொக்கை இலை ஓரத்துல ஒதுக்கி வச்சிட்டுச் சாப்பிட்டா. நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன், பாத்தேன். பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா மனசுக்குள்ள, சரி, நம்பிட்டான்னு ஒரு நிம்மதி.

நான் மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். எனக்குக் கீழ வேலை பாத்த ஒரு பயலுக்கும் ஒண்ணும் ஆனதில்ல. என்ன காரணம்னு கேட்டீங்கன்னா, போஸ்ட்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, மூஞ்சியைப் பாத்துச் சொல்லுவேன். இந்த லைன்ல கரண்டு இருக்கு, இதுல இல்லன்னு. மத்த இடத்துல தெரியாம ஏறினவன்தான் செத்துருக்கான். தெரிஞ்சு ஏறினவன் எவனும் செத்ததில்ல. இதை இன்னிக்கும் எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க. அவ்வளவு கறாரான ஆளு நான். வீட்டு விஷயத்துலயும் அப்படித்தான், எல்லாத்தையும் நானே பாத்துக்கிடுவேன், அவளுக்கு ஒரு கவலையும் வச்சதில்ல.

மணி என்ன? பதினொண்ணே கால். உள்ள என்னதான் பேசுதாங்களோ.

அந்தப் பாளையங்கோட்டை டாக்டர் ஒண்ணு சொல்லியிருந்தார். இந்த வகை திரும்பி வர்ற குணம் உள்ளது, பத்து வருஷம் கழிச்சுக்கூட வரும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துருங்கன்னு. எடுத்தேனே. கல்லு திரும்ப வளருதான்னு பாக்கணும்னு சொல்லி ரெண்டு வருஷம் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு தடவையும் சுத்தமா இருந்துச்சு. மூணாவது வருஷம் வரமாட்டேன்னுட்டா. பக்கத்து வீட்டுல ஒரு டீச்சரம்மா, அதுக்கும் கல்லு எடுத்திருந்தாங்க. அந்தம்மா ஸ்கேனும் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல, நீங்க மட்டும் ஏன் என்னை இழுத்துக்கிட்டு அலையறீங்கன்னு கேட்டா. கல்லுக்கு எதுக்கு வருஷா வருஷம் ஸ்கேனு? நியாயந்தானே அவ கேட்டது. சரி, விடுன்னுட்டேன். அவ அண்ணனும் அதுக்குள்ள போய்ச் சேந்துட்டார், யோசனை கேக்கவும் ஆளில்ல. அப்புறம் வருஷம் ஓடினதே தெரியல. உண்மையைச் சொல்லணும்னா எனக்கே மறந்துபோச்சு அண்ணாச்சி. சில நாள் எனக்கே அது கல்லுதான்.

போன ஆடியிலருந்து அவ இளைக்க ஆரம்பிச்சா. பசி இல்ல, மேல் வயித்துல ஒரு பாரம். கோயில்பட்டில ஸ்கேன் எடுத்தாங்க, கணையத்துல கட்டின்னு இங்க அனுப்பிட்டாங்க. அதை அவகிட்ட மறைக்க முடியல, ஸ்கேன் எடுத்த பொண்ணு அவகிட்டயே சொல்லிருச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு இது கிடையாது. இவளும் அழுதா, ரெண்டு நாள் அழுதா, மூணாம் நாள் எந்திரிச்சு, எந்த பஸ்ஸுக்குப் போகணும்னு கேட்டா. எனக்கே ஆச்சரியம்.

இங்க இருக்கறது ஒரு லேடி டாக்டர். நிதானமான அம்மா. படத்தைப் பாத்துட்டு, எதையும் அறுக்க வேண்டாம், முதல்ல கட்டியிலருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துருவோம்னு சொன்னாங்க. வாய் வழியா ஒரு குழாயை விடுவாங்களாம், அது நுனியில குட்டி ஸ்கேன் இருக்குமாம், இரைப்பைக்குள்ள போயி, அந்தச் சுவர் வழியா ஒரு ஊசியை விட்டுக் கட்டியைத் தொட்டு எடுத்துட்டு வந்துருமாம். வெளியில ஒரு கீறல் கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். எனக்கு அது சட்டுனு புரிஞ்சுபோச்சு. தெருவுக்கு அடியில போற கேபிள்ல எங்க பழுதுன்னு மிஷினை வச்சுக் கண்டுபிடிச்சு அந்த ஒரு இடத்துல மட்டும் தோண்டுவோம் பாருங்க, அதே மாதிரி.

அப்பதான் அந்தம்மா கேட்டாங்க, இதுக்கு முன்னாடி என்ன ஆபரேஷன் நடந்திருக்குன்னு. இவ முந்திக்கிட்டு, கல்லு டாக்டர், கல்லோட சேத்து ஒரு கிட்னியையும் எடுத்துட்டாங்கன்னா. கல்லுக்கா கிட்னியையே எடுத்தாங்கன்னு அந்தம்மா என்னைப் பாத்தாங்க. ரொம்பப் பெரிய கல்லுன்னு சொன்னேன். பழைய ஃபைல் இருக்கான்னாங்க. மழையில நனைஞ்சு போச்சுன்னு சொன்னேன். ஃபைலு என் பழைய யூனிபார்ம் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. இவ பக்கத்துல உக்காந்திருக்கா, நான் வேற என்ன சொல்ல? தனியா வந்து டாக்டர்கிட்டச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். ஆனா இவ என்னை விட்டு நகரவே இல்ல. அதுபோக, ஊசிதான் உள்ள போகுதே, அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லிரட்டும்னு விட்டுட்டேன். நம்ம வாயால எதுக்கு?

நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. துணுக்கு ரொம்பச் சின்னதா வந்திருக்கு, ஆனா பாத்தா கணையத்து அணு மாதிரியே இல்ல, கிட்னியில வர்றது மாதிரி இருக்குன்னு பரிசோதனை பண்ணினவங்க சொல்றாங்களாம். இது ரொம்ப அபூர்வமா நடக்கிறதாம். டாக்டரம்மா இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, அம்மா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அன்னிக்கு எடுத்தது கல்லுதானான்னு கேட்டாங்க. இவ என்ன சொன்னாங்கிறீங்க? பதினாலு வருஷமா வாழைத்தண்டு குடிக்கிறேன் டாக்டர், கல்லுதான்னு சொன்னா. சத்தியம் பண்றவ மாதிரி சொன்னா. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. நான் ஃபேனைப் பாத்தேன். ஃபேன் ஓடவும் இல்ல, ஏசி ரூம் அது.

அப்பவாவது சொல்லியிருக்கணும். நீங்க அப்படித்தான நினைக்கிறீங்க? வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணாச்சி. வெளிய வரல. அப்ப இன்னொரு தடவை ஊசி போட்டு, கொஞ்சம் பெரிசா எடுத்துப் பாத்துருவோம்னு அந்தம்மா தேதி குறிச்சிட்டாங்க.

ரெண்டாவது தடவைக்குக் காலையில வந்தோம். வெறும் வயிறு, பச்சைக் கவுன் மாட்டி, கையில ஊசி குத்தி, தள்ளுவண்டியில படுக்க வச்சிட்டாங்க. டாக்டரம்மா பக்கத்துல நிக்கிறாங்க. இவ என் கையைப் பிடிச்சா. "ஏங்க, என் உடம்புல என்னதான் தெரிய மாட்டேங்குது அவங்களுக்கு? எத்தனை தடவைதான் குத்துவாங்க?"ன்னு கேட்டா. எங்கிட்டக் கேட்டா அண்ணாச்சி. அவளுக்கு எதுன்னாலும் நான்தான பதில் சொல்லுவேன்.

என்னால முடியல. டாக்டரம்மாவைப் பாத்து, "அது கல்லில்லம்மா, கேன்சருதான், ஃபைலு வீட்ல இருக்கு"ன்னுட்டேன். இவ தலைமாட்டுல நின்னுக்கிட்டே. தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும்னு அத்தனை நாள் காத்துக் கிடந்தவன், கடைசில அவ காது பக்கத்துல நின்னு சொன்னேன்.

டாக்டரம்மா திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பழைய ஆஸ்பத்திரில அந்தக் கட்டியை மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க, கிடைச்சா வாங்கிட்டு வாங்க, பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாத்தா உறுதியாச் சொல்லிரலாம்னாங்க. இவ கூரையைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தா. அழல. அழுவான்னு நினைச்சேன். "வருஷா வருஷம் ஸ்கேனுக்குக் கூப்பிட்டீங்களே, அதுக்குத்தானா?"ன்னா. ஆமான்னேன். அவ என் கையை விட்டுட்டா.

"நான் வரமாட்டேன்னு சொன்னப்ப ஏன் சரின்னு விட்டீங்க?"

வண்டியை உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. நானும் ஒரு வாரமா யோசிக்கிறேன். அது என்ன கேள்வி அண்ணாச்சி? வரமாட்டேன்னு சொன்னது அவ. நான் கூப்பிட்டேனா இல்லையா? கூப்பிட்டேன். ரெண்டு வருஷம் கூப்பிட்டேன். அவதானே வரமாட்டேன்னு சொன்னா. எதை வச்சுச் சொன்னான்னு கேட்டா... அது சரி, கல்லுன்னு நினைச்சுத்தான் சொன்னா. கல்லுன்னு நான் சொன்னதை வச்சுத்தான் சொன்னா. இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

மறுநாளே பாளையங்கோட்டைக்கு ஓடினேன். அவங்க அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்தாங்க, நம்ப முடியுதா? கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மெழுகு, அதுக்குள்ள தூசி மாதிரி ஒண்ணு, மேல இவ பேரு, வயசு, வருஷம். பஸ்ல மடியில வச்சுக்கிட்டே வந்தேன். வெயில்ல உருகிருமோன்னு சட்டைக்குள்ள வைக்கப் பயம், பைக்குள்ள வைக்கப் பயம். அதைக் கொண்டுவந்து இங்க குடுத்தப்ப எனக்கு ஒரு நினைப்பு, இனி எல்லாம் சரியாப் போயிரும்னு. அவகிட்டயும் போயிச் சொன்னேன், கொண்டு வந்துட்டேன்னு. சரின்னா. இந்த ஒரு வாரமா எல்லாத்துக்கும் சரிதான். சாப்பிடுறியா, சரி. தூங்குறியா, சரி. கோவமா இருக்கியான்னு கேட்டேன், அதுக்கும் சரிங்கிறா. திட்டுடின்னேன். துணியை மடிச்சுக்கிட்டு இருந்தா.

கோமதி போன்ல அழுது தீத்துட்டா. என் கல்யாணத்துக்காகன்னு சொல்லாதீங்கப்பா, நான் கேட்டேனான்னா. சாத்தூர்க்காரங்க அதுக்கு மேல. மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? எங்க பெரியம்மாவுக்கே இருந்துச்சு மாமா, சொல்லியிருந்தா நல்ல டாக்டரா நாங்களே காட்டியிருப்போமேன்னார். இப்படியும் இருக்காங்க மனுஷங்க. நமக்கு எப்படித் தெரியும்?

கதவு. அண்ணாச்சி, கதவு திறக்குது. அவதான். இருங்க, வந்துருதேன்.

போயிட்டு வந்துட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. பக்கத்துல போயி, என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். ஒரு கையைக் காட்டி இருங்கன்னுட்டா. ரிசல்ட்டு ஃபைலை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருக்கா, நான் வாங்கப் போனேன், தரல. போனை எடுத்துக்கிட்டு நேரா அந்த ஜன்னலுக்குப் போயிட்டா. பாருங்க, அந்த அரக்குச் சேலை. கோமதிகிட்டத்தான் பேசுதா.

நர்ஸம்மாகிட்டயும் ஓடினேன். வீட்டுக்காரன்மா நானு, என்ன வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுன்னேன். அம்மாவே சொல்லிக்கிடுவாங்களாம். வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்களாம். வேற யார்கிட்டயும்னா? நான் வேற ஆளா அண்ணாச்சி? முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்துட்டு, இப்ப அவ உடம்புல என்ன இருக்குன்னு அந்த நர்ஸ் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு. அவ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி, என் சட்டை எந்தக் கொடியில கிடக்குன்னுகூடத் தெரியாது.

தோள் குலுங்குது பாருங்க. சிரிச்சாலும் அப்படித்தான் குலுங்கும், அழுதாலும் அப்படித்தான். இங்கருந்து ஒண்ணும் புரியல. நான் அந்தப் பக்கம் போனா திரும்பிக்கிடுவா. நீங்க போனா அவளுக்கு யாருன்னு தெரியாது. தண்ணி பிடிக்கப் போற மாதிரி அந்த ஜன்னல் வரைக்கும் ஒரு எட்டு போயி, அவ முகத்தை மட்டும் பாத்துட்டு வாங்க. சிரிக்கிறாளா, அழுறாளான்னு மட்டும் சொல்லுங்க. உங்க தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் குரல் குடுக்கறேன், போங்க.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். அழுதுக்கிட்டு இருந்தான்னா, எங்கிட்ட வந்து சிரிக்கிறான்னே சொல்லிருங்க.